இந்தப் பழைய இரும்பு எதற்காகச் செய்யப்பட்டது? வன்னி வீடுகளில் கிடக்கும் இயந்திரப் பொருட்களை இனங்காண ஒரு முழு வழிகாட்டி

வன்னியில் எந்த ஊருக்குப் போனாலும், ஏதோ ஒரு வீட்டுக் கோடிக்குள்ளோ மாட்டுக் கொட்டில் மூலையிலோ பெயர் தெரியாத ஓர் இரும்புச் சாமான் கிடக்கும். கைபிடி இருக்கும், பற்சக்கரம் இருக்கும், எதையோ பொருத்துவதற்கு ஒரு குழி இருக்கும். "அது அப்பு காலத்துச் சாமான்" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. சில வீடுகளில் அந்த அளவுகூடத் தெரியாது. போரின்போது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து போனவர்கள் பொருட்களை வழிநெடுக விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது தங்கள் காணியில் வேறு யாருடையவோ சாமான்கள் கிடந்தன. அதைப் பாவித்த கை ஓரிடத்தில், பொருள் வேறிடத்தில்.

இதனால் இங்கே ஒரு பழைய பொருளை இனங்காண்பதென்றால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொழிற்சாலை அதை எதற்காகச் செய்தது? கடைசியாக அது நம்மிடம் என்ன வேலை செய்தது? பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எந்த இரும்பும் சும்மா கிடக்கவில்லை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றாக்கினோம். இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டால் விடை நிச்சயம் பிழைக்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

தொடுவதற்கு முன்

கிணறு வெட்டும்போதோ, காணி துப்பரவாக்கும்போதோ, குளக்கரையிலோ கண்ட பொருள் என்றால் இந்த வழிகாட்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தொடவும் வேண்டாம், தடியால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து, மற்றவர்கள் போகாதபடி தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு பெருமளவு நிலம் துப்பரவாக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மண்ணுக்குள்ளிருந்து வெடிபொருள் இன்னும் வெளிவருகிறது. துருப்பிடித்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வீட்டிலேயே பல காலம் இருந்த பொருளிலும் சிலவற்றில் கவனம் வேண்டும். வால்வு பூட்டிய கனமான உருளை எதையும் திறக்காதீர்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த இடம், அந்தப் பக்கத்தில் பழைய வாயு உருளை கிடைப்பது அதிசயமில்லை. இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய இராணுவக் கடிகாரம், திசைகாட்டி போன்றவற்றின் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம், ஒளி மங்கிவிட்டாலும் அதன் கதிர்வீச்சு போகாது. பழைய பிரேக் பட்டி, வெப்பம் தாங்கும் வெள்ளைக் கயிறு ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்பதால் சுரண்டக் கூடாது.

துடைக்கிற அவசரம் வேண்டாம்

பழைய சாமான் ஒன்று கிடைத்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் வேலை, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அதோடு பாதிச் சாட்சி போய்விடும். மூலையில் அடைந்திருக்கும் அழுக்குத்தான் அந்தப் பொருள் என்ன தின்றது என்று சொல்லும். உமித்தூள், மரத்தூள், பஞ்சு இழை, தார், உப்புப் படிவு, மஞ்சள் படர்ந்த வெள்ளைப் படை, கருகிய எண்ணெய் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலைக் காட்டும்.

ஆகவே முதலில் அது கிடந்த நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள், அளவு தெரியாத படத்தால் பிறகு பயனில்லை. பல்குத்தும் குச்சியால் மூலை அழுக்கைக் கிளறி ஒரு சிறு பொலித்தீன் பையில் போட்டு, எங்கே எடுத்தது என்று எழுதுங்கள். மேலே கிடந்த அழுக்கு வேறு, அடியில் இறுகிய அழுக்கு வேறு. மேலே நெல் உமியும் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த சாமான் என்பதைத் தாண்டி உமி எதுவும் சொல்லவில்லை. அடியில் உள்ளதை நம்புங்கள்.

அதற்குப் பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்தூரிகை போதும். உப்புத்தாள் வேண்டாம். பெயின்டைச் சுரண்டவும் வேண்டாம், அது பின்னால் தேவைப்படும்.

எழுத்துகளை வாசிப்பது

இருட்டிய பிறகு ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலாக எழும். முகப்பவுடரை மெல்லத் தடவினாலும், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசினாலும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுங்கள். பாதி எழுத்தை ஊகத்தால் நிரப்பினால் பிறகு முழுத் தேடலும் தவறான வழியில் போகும்.

தகட்டில் உள்ள பெயர் செய்தவருடையதா விற்றவருடையதா என்று பார்க்க வேண்டும். 1854இல் தொடங்கிய வோக்கர் சன்ஸ், 1875இல் தொடங்கிய பிரவுண் போன்ற கம்பனிகளின் பெயர் இலங்கையில் எத்தனையோ இயந்திரங்களில் இருக்கும். அவற்றில் பல வேறு நாட்டில் வார்க்கப்பட்டு, இங்கே தகடு பூட்டி விற்கப்பட்டவை. ஆணி அடித்த தகடு விற்பனையாளருடையதாக இருக்கலாம். இரும்போடு சேர்த்து வார்த்த எழுத்து அநேகமாகச் செய்தவருடையது.

காலத்தைக் கணிக்க நாட்டின் பெயர் நல்ல உதவி. "சிலோன்" என்று இருந்தால் 1972க்கு முந்தையது. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. "ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்" என்று எழுதியிருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரையான சில ஆண்டுகளுக்குள் வந்தது. மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசின், பெரும்பாலும் படையின், சொத்து முத்திரை. இரண்டாம் உலகப் போரின்போது வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது, ஆகவே அந்த அம்பு இங்கே கண்ணில் படலாம்.

காப்புரிமை எண் இருந்தால் அதிர்ஷ்டம். பிரித்தானிய எண்கள் 1916க்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின, 1916 முதல் 100,001 என்று தொடர் எண்ணாக ஓடுகின்றன. அமெரிக்க எண் பத்து இலட்சத்தைத் தொட்டது 1911இல், இருபது இலட்சத்தைத் தொட்டது 1935இல். கூகிள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற இரண்டு இணையத்தளங்களிலும் எண்ணைக் கொடுத்தால் வரைபடத்தோடு வரும், காசு இல்லை. ஒரு நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மரையும் ஆணியும்

எழுத்தே இல்லாத பொருளிலும் மரை பேசும். புரியின், அதாவது ஆணியைச் சுற்றி ஓடும் வரியின், கோணம் 55 பாகை என்றால் விட்வேர்த், பழைய பிரித்தானிய முறை. 60 பாகை என்றால் அமெரிக்க முறை அல்லது மெட்ரிக். கோணத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது, ஆனால் அரை அங்குல ஆணி ஒன்று கிடைத்தால் வேலை சுலபம். ஒரு அங்குல நீளத்தில் புரிகளை எண்ணுங்கள். 12 என்றால் விட்வேர்த், 13 என்றால் அமெரிக்க வழி. மற்றப் பல அளவுகளில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான், அரை அங்குலத்தில்தான் பிரிகிறது. நட்சத்திரத் தலை ஆணி, அதாவது பிலிப்ஸ் தலை, தொழிற்சாலையிலிருந்தே வந்ததென்றால் பொருள் 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

இன்னொரு வகை மரையும் உண்டு. புரி முக்கோணமாக இல்லாமல் சதுரமாகவோ தடித்த சரிவகமாகவோ இருந்தால், அது இரண்டு துண்டுகளைப் பிணைக்க வந்த ஆணி இல்லை. பாரத்தை நகர்த்த வந்தது. குளங்கள் நிறைந்த வன்னியில் ஆள் உயரச் சதுரப் புரித் தண்டு ஒன்று கிடைத்தால், முதலில் குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக் கதவை உயர்த்தும் தண்டோ என்று பாருங்கள்.

இயங்க விட்டுப் பார்ப்பது

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. உருவத்தைப் பார்த்து "இது ஏதோ அரைக்கிற மெசின்" என்று சொல்வது சுலபம். உருவம் ஏமாற்றும், இயக்கம் ஏமாற்றாது. மூன்று விடயங்களைக் கண்டுபிடியுங்கள். பலம் எங்கே உள்ளே போகிறது? எங்கே வெளியே வருகிறது? நடுவில் வேகம் கூடுகிறதா, குறைகிறதா?

முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த சாமானை வைத்தே சொல்கிறேன். இடுப்பளவு உயரமான வார்ப்பிரும்புத் தண்டு. பக்கவாட்டில் நீளமான கைபிடி. உச்சியில் கிண்ணம் போல ஒரு வாய், அதன் நடுவில் விரல் தடிப்பில் ஓர் அச்சு நிமிர்ந்து நின்றது. அந்த வீட்டார் கோப்பி அரைக்கும் மெசின் என்றார்கள். பக்கத்து வீட்டு ஐயா மருந்தடிக்கிற பம்ப் என்றார்.

மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணினோம். கைபிடி பூட்டிய பெரிய சக்கரத்தில் 96 பல், அது சுற்றும் சிறியதில் 12. ஆக எட்டு மடங்கு. சிறியதன் அச்சிலேயே சாய்ந்த பல் கொண்ட இன்னொரு சக்கரம் இருந்தது. அதை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால் நிமிர்ந்த அச்சு 14 சுற்றுப் போனது. எட்டைப் பதினான்கால் பெருக்கினால் 112. கைபிடியை ஒரு தடவை சுற்றினால் உச்சியில் 112 தடவை.

இப்போது யோசியுங்கள். வேகம் 112 மடங்கு கூடினால் பலம் அந்த அளவுக்குக் குறையும். கோப்பிக்கொட்டையை நசுக்க அந்த அச்சில் வலு இருக்காது, ஆகவே அரைக்கிற மெசின் இல்லை. பம்புக்கு வேண்டிய குழாய் வாயோ வால்வோ இல்லை. மிக வேகமாக, ஆனால் தடையில்லாமல் எதையோ சுழற்றத்தான் இதைச் செய்திருக்க வேண்டும். கைபிடியைத் துடைத்தபோது அதில் 60 என்ற எண் வார்க்கப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் உச்சியில் 6,720. கையால் சுற்றி அவ்வளவு வேகத்தை எடுக்க வேண்டிய வீட்டுத் தொழில் அதிகம் இல்லை. பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் மெசின்தான் அது. கனமான பால் வெளிப்பக்கம் ஒதுங்க, இலேசான ஆடை நடுவுக்கு வரும். சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டி லாவல் 1878இல் தொடர்ந்து ஓடும் இந்தப் பிரிப்பானைக் கொண்டுவந்தார். பிறகு உள்ளே சுழலும் கிண்ணத்துக்குள் கூம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை சேர்ந்தது. நாங்கள் பார்த்ததில் அந்தச் சுழலும் கிண்ணமும் தகடுகளும் போய்விட்டன, அவை இல்லாமல் யாரும் அதை அடையாளம் காண முடியாததில் வியப்பில்லை.

பற்களின் தேய்மானத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எப்போதும் ஒரே திசையில் சுற்றிய பொருள். இரு பக்கமும் தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் ஓடியது, அல்லது பிறகு யாரோ வேறு வேலைக்கு மாற்றியது. வெள்ளீயம் பூசிய உட்பக்கம் உணவைக் குறிக்கும். காந்தம் ஒட்டாத பித்தளை, வெண்கலப் பாகங்கள் தண்ணீரையோ உப்புக் காற்றையோ எதிர்பார்த்துச் செய்தவையாக இருக்கலாம், முல்லைத்தீவுக் கரையிலும் ஆனையிறவு உப்பளத்துப் பக்கமும் இது முக்கியம்.

இரண்டாம் பிறவியைப் பிரித்தெடுப்பது

அதே மெசினின் கழுத்துக்குக் கீழே இரண்டு துளைகள் இருந்தன. அவைதான் எங்களை நெடுநேரம் குழப்பின. தொழிற்சாலைத் துளைக்கும் பிறகு இட்ட துளைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் குழப்பம் தீரும். வார்ப்பிரும்பில் ஆணி போகும் இடத்தைச் செய்பவர்கள் முன்கூட்டியே தடிப்பாக, ஒரு மேடு விட்டு வார்ப்பார்கள். அந்த மேட்டின் முகத்தைச் சீவிச் சமப்படுத்தியிருப்பார்கள். பழைய பெயின்ட் துளையின் விளிம்புக்குள்ளும் இறங்கியிருக்கும். பிறகு இட்ட துளை மேடில்லாத வெறும் சுவரைக் குடைந்துகொண்டு போகும், விளிம்பில் பெயின்ட் உடைந்திருக்கும், இரண்டு துளைக்கும் இடையிலான தூரம் எந்த ஒழுங்கான அளவுக்கும் வராது.

அந்த இரண்டு துளையும் இரண்டாம் வகை. ஒன்றில் சைக்கிள் நட் ஒன்று துருவோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்த அச்சின் தலையில் ரப்பர் தேய்ந்த கறுப்பு வளையம். இதை வன்னியில் வாழ்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990இல் தடை வந்த பிறகு பற்றரி கிடைக்கவில்லை, 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரை அந்த நிலைதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், நாலு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டியதும் அதே 6 வோல்ட்தான். வேகத்தைக் கூட்டும் பற்சக்கரப் பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? யாரோ ஒருவர் பால் மெசினுக்கு டைனமோ பூட்டியிருக்கிறார். கிண்ணம் அப்போதுதான் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அந்த இரண்டு துளைகளும் சுவீடன்காரரின் கண்டுபிடிப்புக்குக் குறைந்தவை இல்லை. அவற்றை ஈயம் வைத்து அடைத்துப் "பழைய நிலைக்கு" கொண்டுவர யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பாடசாலை மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டும், மண்ணெண்ணெயில் ஓடுவதற்காக மாற்றிய மோட்டார் சைக்கிள் காபரேற்றரும் அப்படித்தான். முதல் பயனைத் தேடிப் போகும்போது இரண்டாவதை அழித்துவிடக் கூடாது.

கிடைத்த இடம்

பொருள் கிடைத்த இடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவில் என்ன தொழில் இருந்தது என்று எழுதிப் பாருங்கள். ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை, பரந்தனில் இரசாயனம், ஆனையிறவில் உப்பு, ஊரூராக அரிசி மில்லும் மர ஆலையும். ரயில் பாதையை மறக்க வேண்டாம். 1905இல் வடக்குப் பாதை முழுமையாகத் திறந்தது, வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்றது, தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. தண்டவாளத்தின் இடுப்பில் உருட்டிய எழுத்துகளில் செய்த ஆலையும் ஆண்டும் இருக்கும். இரண்டு நிலையங்களின் பெயர் பொறித்த வட்ட உலோகத் தட்டு கிடைத்தால் அது பதக்கமோ நாணயமோ இல்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் எதிரெதிரே வராதபடி ஓட்டுநர் கையில் கொடுக்கும் அனுமதித் தட்டு, டயர் என்பவரின் 1878ஆம் ஆண்டு முறையில் வந்தது.

மூத்தவர்களிடம் கேட்பது

"இது என்ன ஐயா, தெரியுமோ?" என்று கேட்காதீர்கள். கேட்டு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஏதாவது ஒரு பெயர் சொல்வார்கள். பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பாவித்தவர் என்றால் கை தானாகச் சரியான இடத்தைப் பிடிக்கும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கால் நகரும். அதற்குப் பிறகு, "இதில எந்தப் பக்கம் நிண்டு சுத்துறது ஐயா?", "என்ன சத்தம் போடும்?" என்று கேளுங்கள். சத்தத்தை யாரும் ஊகித்துச் சொல்வதில்லை. முள்ளியவளை மெசினைப் பற்றி ஓர் ஆச்சி, "துவக்கத்தில மணி அடிக்கும் தம்பி, வேகம் வந்தாப் பிறகு நிண்டுடும்" என்றார். வேகம் போதாதவரை ஒலிக்கும் மணி பால் பிரிப்பான்களின் கைபிடியில் உண்டு. எங்கள் கணக்கை அவர் ஒரே வசனத்தில் உறுதிப்படுத்திவிட்டார்.

லேத் பட்டறைக்காரர், பழைய இரும்பு வாங்குபவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஆகியோரையும் கேளுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பது நல்லது, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கத் தயங்குவார்.

தேடுவது, சோதிப்பது

இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் உருவம் ஒத்த பொருட்கள்தான் வரும். ஆங்கிலத்தில், அது செய்யும் வேலையைச் சொல்லித் தேடுங்கள்: கையால் சுற்றுவது, நிமிர்ந்த அச்சு, வேகம் கூட்டுவது என்று. நம்மூர்ப் பாவனைக்கு நூலகம் இணையத்தளத்தில் உள்ள பழைய பத்திரிகைகளும் பாடசாலை, கோயில், கூட்டுறவுச் சங்க மலர்களும் உதவும். கட்டுரைகளைவிடக் கடைசிப் பக்க விளம்பரங்களைப் பாருங்கள், எந்தக் கடை எந்த மெசினை எந்த ஆண்டில் விற்றது என்பது அங்கேதான் இருக்கும்.

ஒரு விடை கிடைத்ததும் அதைத் தோற்கடிக்கப் பாருங்கள். இது பால் பிரிப்பான் என்றால் வேறென்ன இருந்தாக வேண்டும்? அச்சின் கழுத்து அசைந்து கொடுக்க ஒரு வில், எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடி, பாலும் ஆடையும் வெளிவரும் இரண்டு வாய்த் தகரங்களைத் தாங்க ஓர் இடம். தேடினோம், மூன்றும் இருந்தன. விளக்கம் கிடைக்காத ஒரு துளையோ கொளுக்கியோ மிச்சமிருந்தால் வேலை முடியவில்லை என்றே வையுங்கள்.

எழுதி வைப்பது

கண்ணால் கண்டது, ஒருவர் சொன்னது, நாம் ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் மூன்று இடத்தில் எழுதுங்கள். முதல் பயன், பிந்திய பயன், எந்தக் காணியில் கிடைத்தது, அதற்கு முன் எந்த ஊரிலிருந்து வந்தது, சொன்னவர் யார் என்பதையும் சேருங்கள். சொன்னவரின் குரலை அவர் சம்மதத்தோடு கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். சீட்டைப் பசையால் ஒட்டினால் ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள். இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சுப் போட்டு, நிலத்தில் படாமல் இரண்டு பலகைத் துண்டின் மேல் வையுங்கள், கறையான் வராத பக்கமாக.